உங்கள் ஊர் ரோட்டை மாற்றப் போகிறார்களா? கோடு போடுவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள்

பெயின்ட் டப்பாவோடு ஆள் வந்து நின்ற பிறகு "எங்களை ஏன் கேட்கவில்லை" என்று அவரோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அவர் கையில் ஒரு வரைபடம் இருக்கும், அதன்படி கோடு போட்டுவிட்டுப் போவார். அந்த வரைபடம் மேசையில் கிடந்த காலத்தில் நாம் போயிருக்க வேண்டும்.

பாம்பன் பக்கம் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நடுரோட்டில் தடுப்பு வைத்தபோது இதைத்தான் அனுபவித்தோம். ஒரு நாள் விடிந்து பார்த்தால் தடுப்பு வரிசையாக நிற்கிறது, பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்குகிறார்கள், மீன்கூடையோடு பஸ் ஏற வரும் பெண்கள் அவ்வளவு தூரம் சுற்றி வருகிறார்கள். ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது, தடுப்பு நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த தடவை வேறு மாதிரி போனோம், இரண்டு இடத்தில் வழி விட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டு விஷயம் இன்னும் தீரவில்லை, ஆனால் வழி கிடைத்தது. அந்த இரண்டாவது தடவை என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். மண்டபமோ தொண்டியோ கீழக்கரையோ, நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் இது உதவும்.

ரோடு யாருடையது?

இது தெரியாமல் எழுதிய மனு மேசை மேசையாக அலையும். மைல்கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் என்று தனுஷ்கோடி வரை ஓடுவது தேசிய நெடுஞ்சாலை 87, பழைய ஆட்கள் இன்னும் 49 என்றுதான் சொல்வார்கள். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை வழியாகப் போகும் ஈ.சி.ஆர். தேசிய நெடுஞ்சாலை 32. ஊருக்குள் இருக்கும் தெரு என்றால் ராமேஸ்வரம், கீழக்கரையில் நகராட்சி, மண்டபம், தொண்டியில் பேரூராட்சி, மற்ற இடங்களில் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும்.

பார்க்கிங் கதை வேறு. ரோடு ஒருவருடையது, அதில் வண்டி எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்வது இன்னொருவர். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 117, வண்டி நிறுத்துமிடத்தை அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பைக் கலந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது. நம் ஊரில் இதை யாரும் எடுத்துக் கேட்பதில்லை. திடீரென்று 'நோ பார்க்கிங்' பலகை முளைத்தாலோ, ஆட்டோ ஸ்டாண்டை இடம் மாற்றினாலோ, "உள்ளாட்சியைக் கேட்டீர்களா, கேட்ட கடிதத்தின் நகல் கொடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டிருந்தால் காட்டுவார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அங்கேயே பேச்சு மாறும்.

வாசல் எப்போது திறக்கும்

யாரும் வீட்டுக்குக் கடிதம் போட்டு "உங்கள் தெருவில் சைக்கிள் பாதை வேண்டுமா" என்று கேட்க மாட்டார்கள். பேசுவதற்கு இருக்கும் நாட்களை நாம்தான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊராட்சி என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூட வேண்டியதுதான், ஆகவே "தலைவரே இல்லையே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், பத்தாயிரத்தைத் தாண்டினால் 300 பேர். அதனால் ஆள் சேர்ப்பதும் உங்கள் வேலைதான். தேசிய நெடுஞ்சாலையைக் கிராம சபை நேரடியாக மாற்ற முடியாது, உண்மை. ஆனால் தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் அது தனியாள் மனு இல்லை, ஊரின் முடிவு.

நகராட்சி, பேரூராட்சி என்றால் வார்டுக்குள் மக்கள் கூடும் பகுதி சபா இருக்கிறது, 2022-ல் விதிகள் வந்தன. உங்கள் வார்டில் கூடவே இல்லை என்றால் கவுன்சிலரிடம் தேதி கேளுங்கள். அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நிலம் எடுத்து ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ன்படி, நிலம் எடுக்கப் போகிறோம் என்று சொல்லும் 3ஏ அறிவிப்பு வந்த பிறகு 21 நாளுக்குள், காரணம் சொல்லி, எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும், நேரில் போய்ச் சொல்லவும் உரிமை உண்டு. அந்த அறிவிப்பின் சாரம் இரண்டு நாளிதழ்களில் வரும், ஒன்று தமிழில். பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டர் நான்குவழிச் சாலைக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 1,853 கோடி ரூபாய்த் திட்டம். இந்த மாதிரி வேலை நடக்கும் பக்கத்தில் இருப்பவர்கள் டீக்கடையில் பேப்பர் படிக்கும்போது கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். 21 நாள் என்பது ஒரு கல்யாண வீட்டு வேலையில் ஓடிப்போகும்.

எண்ணுங்கள். இதுதான் முக்கியம்

எங்கள் முதல் மனுவில் "மக்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர்" என்று எழுதியிருந்தோம். அப்படி எழுதாத மனுவே கிடையாது. இரண்டாவது மனுவில் எத்தனை சைக்கிள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் கடக்கிறது என்று எழுதினோம். அதற்குத்தான் பதில் வந்தது.

நாலு பேர், ஒரு நோட்டு, ஒரு அளவு நாடா போதும். ஒருவர் காலை 7.30 முதல் 9.30 வரை, இன்னொருவர் மாலை 4 முதல் 6 வரை. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு வரி. சைக்கிள், நடந்து கடப்பவர், இருசக்கர வண்டி, ஆட்டோ, பஸ், சுற்றுலா வேன், மீன் வண்டி, ஐஸ் வண்டி என்று தனித்தனிக் கட்டம். ஓடும் வண்டியை மட்டும் எண்ணிவிட்டு வராதீர்கள், நிற்கும் வண்டியையும் எண்ணுங்கள்: எது எவ்வளவு நேரம் நின்றது, யாருடையது, கடைக்காரருடையதா, வந்தவருடையதா, பெட்டி இறக்க வந்ததா. பார்க்கிங் சண்டையில் பாதி இதிலேயே விளங்கிவிடும், ஏனென்றால் பல இடத்தில் வாடிக்கையாளர் நிறுத்த இடமில்லாமல் போவது கடை ஆட்களே காலையில் கொண்டுவந்து மாலை வரை நிறுத்தும் வண்டியால்தான்.

எந்த நாளில் எண்ணுவது என்பது நம் கரையில் பெரிய விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் லாரி பாதிக்கு மேல் குறைந்துவிடும். மே மாதம் பள்ளிக்கூடமும் இல்லை. அந்த நாளில் எண்ணினால் ரோடு சும்மா கிடக்கிற மாதிரி தெரியும், சுற்றுலா வண்டி மட்டும்தான் கணக்கில் நிற்கும். ஆகவே பள்ளி நடக்கும் ஒரு சாதாரண நாள், படகு கரைக்கு வரும் ஒரு நாள், ஒரு ஞாயிறு, ஒரு அமாவாசை என்று நாலு நாளாவது வேண்டும். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் ராமேஸ்வரம் ரோட்டை எப்படி ஆக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதையே எல்லா நாளும் போலக் காட்டக் கூடாது, தனி வரியாக எழுதுங்கள். ஏர்வாடிக்காரர்கள் சந்தனக்கூடு நாளையும், கீழக்கரைக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையே அதிகாரிகளிடமும் கேட்கலாம். அவர்கள் போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடத்தியிருந்தால் எந்தத் தேதியில் நடத்தினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும், நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அந்தத் தேதி மே மாதத்தில் விழுந்திருந்தால் உங்கள் வாதத்தில் பாதி தானாக முடிந்தது.

அளவு நாடாவை எடுத்து அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நடைபாதை தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், சைக்கிள் பாதை 2 மீட்டர், இதெல்லாம் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற சாலைத் துறை அமைப்பு வகுத்த அளவு, இன்ஜினியர்களுக்கு மனப்பாடம். வேகத்தடைக்கும் அளவு உண்டு, வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருக்களில் திண்ணை மாதிரி கட்டி வைத்திருப்பது வேகத்தடை இல்லை, கர்ப்பிணிப் பெண்ணை ஆட்டோவில் கொண்டுபோகிறவரைக் கேட்டுப் பாருங்கள்.

கூட்டத்துக்கு வராதவர்கள்

கூட்டத்தில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும்தான். அவர்கள் சொல்வதும் நியாயம்தான், ஆனால் ரோட்டை அதிகம் பயன்படுத்துவது அவர்கள் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு லாரிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓட்டிப் போகிற பெண் பிள்ளை கூட்டத்துக்கு வரமாட்டாள், கூட்டம் நடக்கும் நேரம் அவள் வீட்டில் தண்ணீர் பிடிப்பாள். மீன் விற்கும் அக்காமார் அந்நேரம் ஏலக்கூடத்தில் இருப்பார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் அலை பார்த்துத்தான் நேரம் சொல்ல முடியும். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக் கொண்டுவாருங்கள். எங்கள் ஊரில் ஒரு ஆத்தா சொன்னது: "ரோடு தாண்ட எனக்குக் காலு இருக்கு, கூடையோட ஓடத்தான் தெம்பு இல்ல." இன்ஜினியர் அதைக் கேட்டுத்தான் நடுவில் நின்று கடக்க இடம் விடலாமா என்று யோசித்தார்.

நகராட்சி, பேரூராட்சி ஊர்களில் ரோட்டோர வியாபாரிகளுக்கு 2014-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே உறுப்பினர். பார்க்கிங்குக்காகச் சங்குக் கடையை, பழக்கடையை வேறு இடத்துக்கு மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும். அவர்களை எதிரியாக நினைத்துப் பார்க்கிங் கேட்காதீர்கள், கூடவே உட்கார வையுங்கள்.

மனு

ஒரே பக்கம். ஒரே இடம். ஒரே கோரிக்கை, முடிந்தால் அதற்கு ஒரு மாற்று. இப்படி எழுதலாம்:

"பொருள்: அரசு மேல்நிலைப் பள்ளி எதிரே சாலை கடக்க வழி வேண்டுதல். மேற்படி இடத்தில் இன்ன தேதிகளில் காலை 7.30 முதல் 9.30 வரை நாங்கள் எண்ணியதில் இத்தனை மாணவ மாணவியர் சைக்கிளில் கடந்தனர். கணக்குத் தாள், படம், கைவரைபடம் இணைப்பில். பேருந்து நிறுத்தத்துக்கு நேராகத் தடுப்பில் வழி விட வேண்டும். அது இயலாதெனில் வேகத்தடையும் மின்விளக்கும் அமைத்து, அதுவரை பள்ளி நேரத்தில் காவலர் ஒருவரை நிறுத்த வேண்டும். கூட்டுப் புலத்தணிக்கைக்குத் தேதி தருமாறு வேண்டுகிறோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நெடுஞ்சாலை, போலீஸ், உள்ளாட்சி மூன்று பேரும் ஒரே நாளில் இடத்துக்கு வந்தால்தான் "அது எங்கள் வேலை இல்லை" என்ற பதில் நிற்கும். கூகுள் மேப் படத்தில் பேனாவால் வரைந்தாலே கைவரைபடம் ஆயிற்று. மூன்று நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100-க்கும் போன் செய்து பதிவு செய்து, அவர்கள் தரும் மனு எண்ணைக் குறித்து வையுங்கள்.

கூட்டத்தில் பேசும்போது மூன்று நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள். பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் புது ரயில் பாலத்தைப் பார்க்கிறார்கள், நெரிசல் ஆகிறது என்று சொல்ல வேண்டுமா, அதை மட்டும் சொல்லுங்கள். பார்க்க வருகிறவரைத் திட்டாமல், பாலம் ஏறுவதற்கு முன்னால் எந்த இடத்தில் நிறுத்த வைக்கலாம் என்று இடத்தைக் காட்டுங்கள். தீர்மானம் எழுதியதும் வாசிக்கச் சொல்லி, வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வருகைப் பதிவேட்டில் முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு நிரப்புவதும் நடக்கிறது. பக்கத்தைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

வேலை ஆரம்பித்த பிறகு

ஒப்புதலான வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமையில் வாங்கி, அளவு நாடாவோடு போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் வழி விட்ட இடத்தில் மின்கம்பம் நடுவில் நின்றது, கான்ட்ராக்டர் ஆட்கள் இருந்தபோதே சொன்னதால் கம்பம் நகர்ந்தது. தனுஷ்கோடிப் பக்கம் காற்றுக் காலத்தில் மணல் ரோட்டோரத்தை மூடிவிடும், சைக்கிள் சறுக்கும். சைக்கிள் பாதை கேட்கிறவர்கள் அதைக் கூட்டுவது யார் பொறுப்பு என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். குறைபாடுகளைக் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய ஒப்பந்தத்தில் ஒரு காலம் இருக்கும், அந்தத் தேதியைக் கேட்டு வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால், அதற்கு ஒரு மாதம் முன்னால் திரும்ப ஒரு தடவை நாடாவோடு போகலாம்.