பற்ற வைக்கும் முன் ஒரு மெசேஜ்: குழுவின் துணையோடு சிகரெட்டை நிறுத்துவது எப்படி?

சிகரெட்டை நிறுத்த நினைக்கும் பலர் யாரிடமும் சொல்லாமல்தான் தொடங்குகிறார்கள். முடியாமல் போனால் யாருக்கும் தெரிய வேண்டாமே என்ற எண்ணம். அந்தக் கூச்சம் புரிகிறது. ஆனால் யாருக்கும் தெரியாமல் நிறுத்தியதை, யாருக்கும் தெரியாமலேயே மறுபடி தொடங்கிவிடவும் முடியும்.

அமெரிக்காவின் ஃபிராமிங்காமில் பல தலைமுறைகளாக ஓர் இதய ஆய்வு நடந்துவருகிறது. அதிலிருந்த 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையிலான புகைப்பழக்கத்தை நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் என்ற இரு ஆய்வாளர்கள் அலசி 2008-ல் வெளியிட்டார்கள். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் கூட்டங்கூட்டமாகப் புகைப்பழக்கத்தைக் கைவிட்டிருந்தது அதில் தெரியவந்தது. கணவனோ மனைவியோ நிறுத்தினால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் நிறுத்தினால் 36 சதவீதம். நமக்குத் தெரிந்தவர்களில் யாருமே நிறுத்துவதாக இல்லை என்றால் என்ன செய்வது? நிறுத்துகிறவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டியதுதான். இன்று அது போனிலேயே இருக்கிறது.

படி 1: குழுவில் சேருங்கள், முதலில் படியுங்கள்

வாட்ஸ்அப், டெலிகிராம் எதுவானாலும் சரி. எத்தனை ஆயிரம் பேர் என்று பார்க்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் 'தாங்க முடியலை' என்று எழுதினால் எத்தனை நிமிடத்தில் பதில் வருகிறது என்று பாருங்கள். தவறி ஒன்றைப் பிடித்துவிட்டவரை எப்படி நடத்துகிறார்கள் என்றும் கவனியுங்கள். திட்டு விழும் குழுவில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். உண்மை எழுதாத குழுவால் பயனில்லை. மூலிகைப் பொடியோ அதிசய மாத்திரையோ விற்கிறார்கள் என்றால் உடனே வெளியேறிவிடுங்கள்.

சொந்தப் பெயர் வேண்டாம் என்று தோன்றினால் புனைபெயர் போதும். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் மற்றவர்களுக்குத் தெரியக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 2: நாள் குறித்து, அறிவியுங்கள்

இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் தள்ளினால் தள்ளிக்கொண்டேதான் போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் வரும். 2016-ல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம். குறைத்து விடுவதுதான் உங்களுக்குச் சரிப்படும் என்றால் அப்படியே செய்யுங்கள். ஆனால் கடைசி நாள் எது என்று தேதி இருக்க வேண்டும்.

அந்தத் தேதியைக் குழுவில் எழுதுங்கள். அதே வாரத்தில் நிறுத்துகிறவர் இருந்தால் அவரோடு ஜோடி சேருங்கள். குழு முழுக்கத் தூங்கும்போதும் அந்த ஒருவர் உங்களைத் தேடுவார்.

நாள் வரும்வரை ஒவ்வொரு சிகரெட்டையும் குறித்துவையுங்கள்: மணி என்ன, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள். சாப்பிட்டு முடித்ததும், காபியோடு, சண்டைக்குப் பிறகு, வண்டியில் ஏறியதும் என்று உங்கள் ஆபத்தான நேரங்கள் தாமாகவே தெரியவரும். முந்தைய இரவு பாக்கெட், லைட்டர், ஆஷ்ட்ரே எல்லாம் வெளியே போகட்டும். 'அவசரத்துக்கு ஒண்ணு' என்று ஒளித்து வைத்தால் அந்த அவசரம் மறுநாளே வந்துவிடும்.

படி 3: மருந்தை டாக்டரிடம் கேளுங்கள்

'மனசு வெச்சா போதும், மருந்தெல்லாம் எதுக்கு' என்று குழுவில் யாராவது சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நிகோட்டின் மாற்று மருந்துகள் (சிகரெட்டுக்கு அடிமையாக்கும் நிகோட்டினைப் புகையில்லாமல் கொடுக்கும் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் போன்றவை), வரெனிக்லின், புப்ரோபியன், சைட்டிசின் என்ற மாத்திரைகள் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. மருந்தும் ஆதரவும் சேர்ந்தால் பலன் கூடுகிறது.

எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகள், இதயநோய் உள்ளவர்கள், மனநல மருந்து எடுப்பவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. சிகரெட்டை விட்டதும் சில மருந்துகளின் அளவையே மாற்ற வேண்டியிருக்கும்.

நிகோட்டின் சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். மெதுவாக மெல்லுங்கள், காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்குங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து காபி, ஜூஸ் வேண்டாம். வாயின் உட்தோல் நிகோட்டினை ஈர்ப்பதை அவை தடுக்கும்.

படி 4: அந்தச் சில நிமிடங்கள்

நீங்கள் குழுவில் சேர்ந்ததே இதற்காகத்தான்.

இழுத்த புகையின் நிகோட்டின் சுமார் 10 நொடியில் மூளையை எட்டிவிடும். இவ்வளவு வேகமாகப் பலன் கிடைத்துப் பழகிய மூளை, கிடைக்காதபோது அதே வேகத்தில் கேட்கும். ஆனால் அந்தத் தவிப்பு பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடத்தில் தணிந்துவிடும். பிடித்தாலும் தணியும், பிடிக்காவிட்டாலும் தணியும். அந்த நேரத்தைக் கடக்கத்தான் ஆள் வேண்டும்.

அதனால் ஒரே ஒரு விதி: பற்ற வைக்கும் முன் எழுதுங்கள். பிடித்து முடித்துவிட்டு 'மன்னிச்சிடுங்க' என்று எழுதுவதால் அந்த சிகரெட் திரும்பி வராது. முன்கூட்டியே எழுதினால் குழுவுக்கு உங்களைப் பிடித்து நிறுத்த ஒரு வாய்ப்பு கிடைக்கும். அழகாக எழுத வேண்டாம். தவிக்கும்போது டைப் செய்ய வராது என்பதால் இப்போதே ஒரு வாக்கியத்தைச் சேமித்துவையுங்கள்: 'தம் அடிக்கணும்போல இருக்கு. பத்து நிமிஷம் பேசுங்க.' அனுப்பிவிட்டு இடத்தை மாற்றுங்கள். தண்ணீர் குடியுங்கள், நடங்கள். பத்து நிமிடம் கழித்து, கடந்துவிட்டதா என்று எழுதுங்கள். இந்த இரண்டாவது மெசேஜைப் பலர் அனுப்புவதில்லை. அனுப்புங்கள். அடுத்த முறை தவிக்கும்போது மேலே தள்ளிப் படிக்க உங்கள் கையெழுத்திலேயே அத்தாட்சி இருக்கும்.

யாரும் பதில் போடாத நேரமும் வரும். அப்போது வேறொருவரின் பழைய மெசேஜுக்கு நீங்கள் பதில் எழுதுங்கள். இன்னொருவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே பற்ற வைப்பது அவ்வளவு சுலபமில்லை.

படி 5: முதல் வாரம்

இரண்டாம், மூன்றாம் நாள்தான் பெரும்பாலானவர்களுக்கு உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல், பசி, மலச்சிக்கல் எல்லாம் வரலாம். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று காபி. புகையிலுள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காஃபீனை வேகமாகக் கரைக்கவைக்கின்றன. புகை நின்றதும் அதே அளவு காபி உடலில் அதிக நேரம் தங்கும். படபடப்பையும் தூக்கமின்மையையும் நிகோட்டின் தவிப்பு என்றே நினைத்துக்கொள்வோம். காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

படி 6: ஒரு மாதத்துக்குப் பிறகு

இப்போது குழுவை மியூட் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். உடல் பழகியிருக்கும், ஆனால் விருந்து, துக்கம், பழைய கூட்டாளி என்று சில சூழ்நிலைகளை நீங்கள் இன்னும் சிகரெட் இல்லாமல் சந்தித்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒன்று வருவது தெரிந்தால் முந்தைய நாளே குழுவில் சொல்லிவிட்டுப் போங்கள். ஓராண்டு தாண்டினால், மாரடைப்பு போன்ற இதயநோய்க்கான கூடுதல் ஆபத்து, புகைப்பவரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகிறது.

தவறிவிட்டால்

பாக்கெட்டில் மிச்சமிருப்பதை உடனே தூக்கிப் போடுங்கள். அன்றே எழுதுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், யார் நீட்டினார்கள், அதற்கு முன் என்ன நடந்தது. பேட்ச் ஒட்டியிருந்தால் டாக்டர் வேறு சொல்லாதவரை தொடருங்கள். ஒன்று பிடித்துவிட்டோம் என்பதற்காக மருந்தையும் நிறுத்துவது தேவையில்லாத இரண்டாவது சறுக்கல். அடுத்த தவிப்பு வரும்போது, படி 4-ல் சேமித்த அதே வாக்கியத்தை அனுப்புங்கள்.