கரும்பலகை மூலையில் எழுதிய பெயர்கள்: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கரும்பலகையின் வலது மூலையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு. அதற்குக் கீழே ஏழெட்டுப் பெயர்கள். அப்புறமும் அடங்காதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தப் பட்டியலைத் தெரியும்.

நான் ஆசிரியராகச் சேர்ந்த முதல் இரண்டு வருடமும் என் ஆறாம் வகுப்பை இந்தப் பட்டியல்தான் நடத்தியது. வருகைப் பதிவைக் கைபேசியில் ஏற்ற வேண்டும், தலைமையாசிரியர் கூப்பிடுவார், பக்கத்து வகுப்பில் ஆள் இல்லை என்றால் அங்கேயும் ஒரு எட்டுப் பார்க்க வேண்டும். அந்த நேரமெல்லாம் லீடர் பெயர் எழுதுவான், நான் வந்து பட்டியலில் இருப்பவர்களை எழுப்பி நிற்க வைப்பேன். ஒருநாள் பட்டியலில் மூன்றாவதாக இருந்த பெயரைக் கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. "மிஸ், அவன் இன்னைக்கு லீவு" என்றது பின்வரிசை.

லீடரைத் திட்டிப் பயனில்லை. பத்து வயதுப் பையனிடம் தன் நண்பர்களைக் காட்டிக்கொடுக்கும் வேலையைக் கொடுத்தவள் நான். தினமும் பேசுகிறவர்களின் பெயர்களை அவன் மனப்பாடமாக எழுதிவைத்திருக்கிறான், அவ்வளவுதான். எனக்கு அன்று உறைத்தது வேறு. வகுப்பில் யார் பேசினார்கள் என்று இரண்டு வருடமாக விசாரித்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் அவர்கள் கையில் என்ன வேலை இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

புதிதாக வேலைக்கு வருகிற ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வகுப்பறைக் குழப்பத்தில் பெரும்பகுதி நாம் விடுகிற இடைவெளிகளில் பிறக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், வகுப்பறைகளைக் காணொளியில் பதிவு செய்து ஆராய்ந்து, 1970-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். ஒழுங்காக நடக்கும் வகுப்பையும் குழம்பிக் கிடக்கும் வகுப்பையும் ஒப்பிட்டால், பிள்ளைகள் தவறு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. தவறு நடக்கும் முன்பு ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. வகுப்பு முழுவதையும் கண்ணில் வைத்திருந்தாரா, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கல் இல்லாமல் நகர்த்தினாரா என்பவைதான் கணக்கில் வந்தன.

அதனால் முதல் ஐந்து நிமிடத்தை வெறுமையாக விடாதீர்கள். நான் இப்போது முந்தின நாள் மாலையே கரும்பலகையில் இரண்டு கணக்கோ ஐந்து சொற்களோ எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். காலையில் உள்ளே வந்ததும் பிள்ளைகள் அதைச் செய்யத் தொடங்குவார்கள், நான் வருகைப் பதிவை முடிப்பேன். வேலை எளிதாக இருக்க வேண்டும், முந்தின நாள் நடத்திய பாடமாக இருக்க வேண்டும். புதுக் கணக்கைப் போட்டால் "மிஸ், எனக்கு வரல" என்று மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும்.

நோட்டு கொடுப்பதும் இப்படித்தான். நாற்பது நோட்டை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுத்தால் எட்டு நிமிடம் போகும். வரிசைவாரியாக அடுக்கி வாங்கி, வரிசைவாரியாகவே திருப்பிக் கொடுத்தால் ஒரு நிமிடம். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு நாளைக்கு நான்கு பாடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டளையை அடுக்கிச் சொல்வது இன்னொரு தவறு. "புத்தகத்தை எடு, 42-ஆம் பக்கம் திற, நோட்டுல தேதி போடு, முதல் பத்தியைப் படி" என்று ஒரே மூச்சில் சொன்னால் பாதிப் பேர் பக்கத்து ஆளைக் கேட்பார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர்களைத் திட்டுவோம். ஒன்று சொல்லி, எல்லோரும் செய்ததைப் பார்த்து, அடுத்ததைச் சொன்னால் போதும்.

குரலை உயர்த்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரம்பால் மேசையைத் தட்டி "சைலன்ஸ்!" என்றால் அடங்குவார்கள். அரை நிமிடம்தான். அடுத்த முறை இன்னும் ஓங்கித் தட்ட வேண்டியிருக்கும். ஜூலை மாதத்துக்குள் தொண்டை போய்விடும். நான் மூன்று முறை கைதட்டுவேன், அவர்கள் இரண்டு முறை தட்டிவிட்டுக் கையைக் கட்டுவார்கள். ஆனால் இது சொன்ன அன்றே வந்துவிடவில்லை. ஜூன் மாதம் முழுவதும் பழக்கினோம். விதிகளை அட்டையில் எழுதி ஒட்டினால் போதும் என்று நினைப்பதுதான் நம்மில் பலர் செய்வது. பதினைந்து விதி எழுதிய அழகான சார்ட் வருடம் முழுக்கச் சுவரில் தொங்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான்கு விதி போதும். அவற்றையும் பாடத்தைப் போலவே செய்துகாட்டி, செய்யச் சொல்லி, மறந்தால் மறுபடி செய்யவைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

தண்டனைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. அடிக்கக் கூடாது என்பது நமக்கெல்லாம் தெரியும். இரண்டாவது பாதியைத்தான் மறந்துவிடுகிறோம். "உங்க அக்கா எப்படிப் படிச்சா, நீ எங்கிருந்து வந்த?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பது அந்தப் பிரிவுக்குள் வரும். முட்டி போட வைப்பதும், வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும்கூட. வெளியே நிற்கிற பிள்ளைக்கு அன்றைய பாடம் போகிறது, பாடம் போனதால் நாளைக்கும் அவனுக்குப் புரியாது, புரியாதவன் நாளைக்கும் பேசுவான். பத்துப் பேர் செய்ததற்கு வகுப்பையே நிற்க வைத்தால், ஒழுங்காக இருந்த முப்பது பேருக்கு ஒழுங்கில் நம்பிக்கை போய்விடும். இம்போசிஷன் எனக்கு இன்னும் வருத்தம் தருவது. ஒரு பக்கம் பிள்ளைகளுக்கு எழுத்தின் மேல் ஆசை வரவேண்டும் என்று பாடுபடுகிறோம், மறுபக்கம் எழுதுவதையே தண்டனையாகக் கொடுக்கிறோம்.

தண்டிக்கும் முன் காரணம் கேளுங்கள். என் வகுப்பில் ஒருவன் தினமும் பதினொரு மணிவாக்கில் சண்டை இழுப்பான். காலை முதல் பாடவேளையில் தங்கமாக இருப்பான். இரண்டு மாதம் கழித்துத்தான் தனியாகக் கூப்பிட்டு, "காலையில் என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. அம்மா ஆறரை மணிக்கே வேலைக்குப் போய்விடுகிறார். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே காலை உணவு கிடைத்திருக்கிறது. அந்தத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அவனுக்குச் சாப்பாடு மதியம்தான். அவனை நான் எத்தனை முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. அப்புறம் என் மேசை இழுப்பறையில் எப்போதும் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். இடைவேளை மணி அடித்ததும் அவன் எதுவும் கேட்காமல் எடுத்துக்கொள்வான்.

உட்கார வைக்கும் முறையைப் பற்றி 2025-ல் நம் மாநிலத்தில் பெரிய பேச்சு எழுந்தது. கடைசி பெஞ்ச் என்பதே இல்லாமல் 'ப' வடிவில் உட்கார வைக்கலாம் என்றார்கள். பக்கவாட்டில் இருப்பவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டுமே என்ற கேள்வியும் வந்தது. நியாயமான கேள்விதான். கலந்துரையாடலுக்கு 'ப' நல்லது, கரும்பலகைப் பாடத்துக்கு வரிசை நல்லது. இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

நான் இன்னும் கவலைப்படுவது வடிவத்தைப் பற்றி அல்ல. "எங்கே வேணும்னாலும் உட்காருங்க" என்று விட்டுவிடுவதைத்தான் நாம் பெருந்தன்மை என்று நினைக்கிறோம். ஊர்ப்புறத்தில் அப்படி விட்டால் பிள்ளைகள் தெருப்படி உட்காருவார்கள். தெருப்படி என்றால் சாதிப்படி என்று உங்களுக்கே தெரியும். 2023-ல் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வெட்டியதை நம்மால் மறக்க முடியாது. அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில், மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கப் பரிந்துரைத்தது. மதிப்பெண் வரிசையும் வேண்டாம், பிள்ளைகளின் விருப்பமும் வேண்டாம். அகரவரிசையில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரிசையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணாடி போட்ட பிள்ளையையும், காது சரியாகக் கேட்காத பிள்ளையையும் மட்டும் முன்னால் வையுங்கள். பலகையில் இருப்பதைப் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறவனைத் திட்டும் முன், அவனுக்குக் கண் தெரிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, "புரிஞ்சுதா?" "புரிஞ்சது மிஸ்!" என்ற பாட்டு. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம், புரியாதவர்கள் பின்னால் தங்களுக்கு வேறு வேலை தேடிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டால் பொறுத்திருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். முதலில் கேள்வியைக் கேட்டு, மனசுக்குள் மூன்று எண்ணி, அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

என் கரும்பலகையின் வலது மூலையில் இப்போதும் பெயர்கள் இருக்கின்றன. தண்ணீர்க் குடம் நிரப்ப இருவர், நோட்டு கொடுக்க நால்வர், பலகை துடைக்க ஒருவர், மின்விசிறி அணைக்க ஒருவர். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி திங்கட்கிழமைதோறும் பெயர்கள் மாறும். பலகை துடைக்கும் வேலைக்குத்தான் போட்டி அதிகம். முறை வர இன்னும் எத்தனை திங்கட்கிழமை இருக்கிறது என்று பின்வரிசையில் விரல் விட்டு எண்ணுகிறார்கள்.