காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்: நெடுந்தீவும் பொலன்னறுவையும் ஒரே பயணத்தில்

இலங்கையின் பழைய தலைநகரங்களையும் வடக்கு, கிழக்குக் கடலில் உள்ள தீவுகளையும் ஒரே சுற்றில் பார்க்க எட்டு நாள் வேண்டும். நகரங்களை எந்த மாதமும் பார்க்கலாம். தீவுகள் அப்படியல்ல, காற்று விட்டால்தான் படகு. ஆகவே கடலைப் பார்த்து மாதத்தை முடிவு செய்துவிட்டு, நகரங்களை அதற்கு ஏற்ப அடுக்குங்கள்.

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று. வடக்கிலும் கிழக்கிலும் அப்போதுதான் மழை. திருகோணமலைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு கிடைப்பது அரிது. மே முதல் ஆகஸ்ட் வரை சோளகம். தென்மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் கிழக்குக் கரையில் கடல் அமைதியாகப் படுத்துக் கிடக்கும். அதே காற்று மறைப்பில்லாமல் வந்து யாழ்ப்பாணப் பக்கத்து நெடுந்தீவுக் கடலை அலைக்கழிக்கும். இரண்டு பக்கமும் ஒத்துவருகிற காலம் மார்ச் நடுப்பகுதியும் ஏப்ரலும்தான். அதிலும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாலைந்து நாளைத் தவிருங்கள். பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது, கடைகள் பூட்டியிருக்கும். பௌர்ணமி நாள் இலங்கையில் போயா விடுமுறை. அன்று அநுராதபுரத்துக்கும் நயினாதீவுக்கும் யாத்திரிகர் பெருங்கூட்டமாக வருவார்கள். ஜூனில் வரும் பொசன் போயா வாரத்தில் அநுராதபுரத்தில் அறை தேடவே வேண்டாம்.

வழி இது: கொழும்பிலிருந்து ரயிலில் அநுராதபுரம், அதே பாதையில் யாழ்ப்பாணம், அங்கிருந்து வவுனியா வழியாகப் பஸ்ஸில் திருகோணமலை, பிறகு பொலன்னறுவை, சிகிரியா, திரும்பக் கொழும்பு. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு ஒரு பகல் முழுதும் போய்விடும். அந்த நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். காலிக் கோட்டையையும் தென்கரையையும் இந்தச் சுற்றில் சேர்க்க ஆசை வரும். தென்மேற்குக் கடல் நன்றாக இருக்கும் மாதங்கள் வேறு. டிசம்பர் முதல் மார்ச் வரைக்குள் தனியாக ஒரு பயணம் போடுவதே அந்தக் கோட்டைக்குச் செய்யும் நியாயம்.

அநுராதபுரத்தில் ஆளைத் தோற்கடிப்பது தூரமல்ல, கல்லின் சூடு. ருவன்வெலிசாய தூபியிலும் ஸ்ரீ மகாபோதி அரசமரத்தடியிலும் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் முற்றத்துக் கற்பலகையில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்கால் கொப்புளித்துவிடும். பையில் ஒரு சோடி தடித்த காலுறை வைத்திருங்கள், காலுறை போட அனுமதி உண்டு. ஷூவுக்குப் பதில் சட்டென்று கழற்றக்கூடிய செருப்பு நல்லது, ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை கழற்ற வேண்டிவரும். தோளும் முழங்காலும் மறைகிற வெளிர்நிற உடை உடுத்துங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது பெரிய அவமதிப்பு. காவலர் உடனே தடுப்பார். விடியற்காலையில் மகாபோதி, ருவன்வெலிசாய, பிறகு நிழல் அதிகமுள்ள அபயகிரி விகாரையும் குட்டம் பொகுண இரட்டைக் குளமும். ஜேதவனத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய காலத்தில் சுமார் 120 மீட்டர் உயரம் இருந்த அந்தச் செங்கல் தூபி சாய்ந்த வெயிலில்தான் தன் முழு நிறத்தைக் காட்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். ஒன்று நெடுந்தீவுக்கு, மற்றது நயினாதீவுக்கும் கோட்டைக்கும். இரண்டு தீவையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று ஆட்டோக்காரர் சொல்லக்கூடும். ஒரு படகு பிந்தினால் போதும், இரண்டும் அரைகுறையாகிவிடும்.

இரண்டு தீவுக்கும் படகேறும் இடம் குறிகட்டுவான் இறங்குதுறை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்கப் பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகப் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகும்போதே பாதிக் காட்சி கிடைத்துவிடும். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியில் (கடலுக்கு நடுவே போட்ட மேட்டுச் சாலை) இரு பக்கமும் பரவைக்கடல், முழங்கால் தண்ணீரில் நின்று வலை இழுப்பவர்களைப் பார்க்கலாம். யன்னலோர இருக்கை பிடியுங்கள்.

நெடுந்தீவுக்குப் படகு சுமார் ஒரு மணி நேரம். காலை முதல் படகைப் பிடிக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இது தீவு மக்களின் அன்றாடப் போக்குவரத்து. அரிசி மூட்டையும் எரிவாயுச் சிலிண்டரும் மோட்டார் சைக்கிளும் உங்களோடுதான் வரும். ஏறும்போது ஊரவர்களுக்கும் முதியவர்களுக்கும் வழிவிடுங்கள். பாதுகாப்பு அங்கியை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், கையில் வைத்திருப்பதால் பயனில்லை. முன்பக்கம் தூக்கிப் போடும், நடுவிலோ பின்பக்கமோ வாசலுக்குக் கிட்ட உட்கார்ந்தால் குமட்டல் குறையும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், வெறும் வயிறும் வேண்டாம். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். கைபேசியையும் கமராவையும் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள், உப்புத்தண்ணீர் தெறிக்கும்.

இறங்கியதும் முதல் வேலை திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைத் துறையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது. அது பிற்பகலிலேயே போய்விடும், கடலைப் பொறுத்து நேரமும் மாறும். அதற்கு அரை மணி நேரம் முன்பே துறைக்கு வந்துவிடுங்கள். தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர், நடந்து முடிக்க முடியாது. துறையில் ஆட்டோ நிற்கும். எந்தெந்த இடம், எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு என்று மூன்றையும் பேசி முடித்த பிறகு ஏறுங்கள். இறங்கும்போது கணக்குப் பேசினால் இரு பக்கமும் மனக்கசப்புத்தான். மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம் (பாவோபாப்), மட்டக்குதிரைகள் மேயும் வெளி, இவற்றுக்கு மூன்றரை மணி நேரம் போதும். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீரும் குடையும் அவசியம், வெளியில் மரநிழல் குறைவு. குதிரைகளுக்குத் தீனி கொடுக்காதீர்கள், துரத்திப் படம் எடுக்காதீர்கள். வறட்சியில் தண்ணீருக்கே அவை பாடுபடுகின்றன.

நெடுந்தீவின் அழகு எனக்குக் கோட்டையைவிட அதன் வேலிகளில்தான். காணிக்குக் காணி முருகைக்கல் மதில். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்லுக்கு மேல் கல் வைத்து அடுக்கியது. கிட்டப்போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சி விட்டுச்சென்ற நட்சத்திர வடிவக் குழிகள் நிறைந்திருக்கும். இடுக்கு வழியே காற்று புகுந்து போவதால்தான் பலமான காற்றிலும் மதில் சாய்வதில்லை. அதில் ஏறி நிற்காதீர்கள். ஒரு கல் நழுவினால் ஒரு பாகமே சரியும்.

நயினாதீவுக்குக் கால் மணி நேரப் பயணம், படகும் அடிக்கடி உண்டு. நாகபூசணி அம்மன் கோயிலுக்கு ஒரு துறை, நாகவிகாரைக்கு ஒரு துறை. உங்கள் படகு எதில் நிற்கிறது என்று ஏறும்போதே கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் நடக்கிற தூரம்தான். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், வேட்டியோடு போனால் வசதி. நடை சாத்தும் முன் போய்ச்சேர வேண்டுமானால் காலையே நல்லது. மாலையில் யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டியது. கொத்தளத்தில் ஏறிப் பண்ணைக்கடலில் சூரியன் விழுவதைப் பாருங்கள்.

புறாத்தீவுக்கு நிலாவெளிக் கடற்கரையிலிருந்து படகு, பத்துப் பதினைந்து நிமிடம். இது தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. கூலி படகுக்கே தவிர ஆளுக்கல்ல, ஆகவே சேர்ந்து போனால் மிச்சம். காலை எட்டுக்குள் தண்ணீரில் இறங்கினால் கூட்டம் வருமுன் கரும்முனைச் சுறாக்களைக் காணலாம், அவை ஆளை அண்டாது. பவளம் ஆழமில்லாத இடத்தில் இருப்பதால் எழுந்து நின்றால் காலும் கிழியும், பவளமும் சாகும். நிற்கத் தோன்றினால் மணல் உள்ள இடம்வரை மிதந்து வாருங்கள். நீச்சல் தெரியாதவர்கள் மிதவை அங்கியோடு மட்டும் இறங்குங்கள்.

பொலன்னறுவை மற்றவற்றைவிடச் சுற்றச் சுலபம். நிலம் சமதளம், இடங்கள் தெற்கு வடக்காக ஒரே வரிசையில். நுழைவுச்சீட்டு அருங்காட்சியகத்தில் வாங்க வேண்டும். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருபவர்கள் பலர். சார்க் நாட்டுக் கடவுச்சீட்டுக்குச் சலுகை உண்டு, அசலைக் காட்ட வேண்டும். வாடகைச் சைக்கிள் எடுத்தால் பிரேக்கையும் பூட்டையும் பார்த்து எடுங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் அரண்மனை, வட்டதாகே என்னும் வட்டவடிவக் கோயில் உள்ள நாற்கரம், ரன்கொத் விகாரை, கல்விகாரை என்று நண்பகலுக்குள் வடக்கு எல்லையைத் தொடலாம்.

தமிழர்கள் இங்கே தாண்டிப்போகக் கூடாதவை இரண்டு. ஒன்று, நாற்கரத்தில் நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டு. புத்தரின் தந்ததாது (பல்) இருந்த கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் ஏற்ற பொறுப்பைத் தமிழில் வெட்டியிருக்கிறார்கள். மற்றது, பலகையில் ‘இரண்டாம் சிவாலயம்’ என்று மட்டும் எழுதியிருக்கும் வானவன்மாதேவி ஈச்சரம். சோழர் இந்நகரைச் சனநாதமங்கலம் என்று அழைத்த 11ஆம் நூற்றாண்டில் முழுக்கக் கல்லால் எழுந்தது. விமானம் பெரும்பாலும் சேதமின்றி நிற்கிறது, தஞ்சைப் பக்கத்துச் சிறு கோயிலொன்றைத் தூக்கி வைத்தது போல இருக்கும். சுவரின் அடிப்பகுதியில் எழுத்து வரிசைகளைத் தேடுங்கள். உச்சி வெயிலில் எழுத்துத் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் வெட்டுகள் நிழல் பிடித்து எழும். எழுத்தைத் தெளிவாக்கத் தண்ணீர் ஊற்றுவதும் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் கல்லைக் கெடுக்கும்.

சிகிரியாவில் சுமார் 1,200 படி. வாசல் திறந்ததும் ஏறினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். பாறையில் பெரிய குளவிக்கூடுகள் உண்டு. சத்தம் போடுவதும் அடர்ந்த வாசனைத் திரவியமும் அவற்றைக் கிளப்பும். குளவி கலைந்தால் காவலர்கள் பாதையை மூடுவார்கள். கையை வீசாமல், ஓடாமல், அவர்கள் காட்டும் பக்கம் இறங்குங்கள். பாதை திறக்கும்வரை அடிவாரத்து நீர்த்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம்.