புள்ளி வெட்டியதும் கத்துவதற்கு முன்: உதைபந்தாட்ட ரசிகர்கள் விடும் பிழைகள்

2023 நவம்பர் 17. இங்கிலாந்தின் எவர்ட்டன் உதைபந்தாட்டக் கழகத்துக்கு 10 புள்ளிகளை வெட்டிய செய்தி வந்தபோது நான் டச்பே கடற்கரைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். 14 புள்ளியோடு ஓரளவு நிம்மதியாக இருந்த கழகம், ஒரே அறிவிப்பில் 4 புள்ளியோடு 19ஆம் இடத்துக்கு விழுந்தது. எதிரே இருந்த கூட்டாளி மன்செஸ்டர் யுனைடெட் ஆதரவாளன். வாயிலிருந்த வடையை விழுங்காமலே சிரித்தான். "மச்சான், உங்கட ஆக்கள் கள்ளக் கணக்குக் காட்டிப் பிடிபட்டுட்டாங்கள்." நான் விடுவேனா? "மன்செஸ்டர் சிற்றிக்கு மேல 115 குற்றச்சாட்டு கிடக்குது, அவனை விட்டுட்டு எங்களைப் பிடிக்கிறாங்கள்!"

இரண்டு பேர் சொன்னதும் பிழை. அன்று அது எங்களுக்குத் தெரியாது.

திருகோணமலையில் எவர்ட்டனுக்கு ஓர் ஆதரவாளனா என்று கேட்பீர்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போகும்வரை அம்மப்பா டொக்யார்டில் வேலை செய்தவர். லிவர்பூல் பக்கத்து மாலுமி ஒருவன் அவருக்கு ஒட்டவைத்துவிட்டுப் போன வியாதி இது. சரி, விசயத்துக்கு வருவோம்.

முதலில் அந்தக் 'கள்ளக் கணக்கு'. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரிமியர் லீக்கில் 2013இல் வந்து 2025-26 பருவம் வரை இருந்த விதிப்படி, ஒரு கழகம் மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டப்படக் கூடாது. (நம் ஊரில் பவுண் என்றால் தாலிக்கொடிதான் ஞாபகம் வரும். இது அந்தப் பவுண் இல்லை.) அதிலும் 15 மில்லியன் மட்டும்தான் கழகத்தின் சொந்த நட்டமாக இருக்கலாம். மிச்சம் 90க்கும் உரிமையாளர் தன் கைக்காசைப் போட்டு மூட வேண்டும். எவர்ட்டன் 124.5 மில்லியனில் நின்றது, அதாவது எல்லையைவிட 19.5 மில்லியன் கூட. எல்லையைத் தாண்டியதைக் கழகமே ஒப்புக்கொண்டது. எவ்வளவு தாண்டியது என்பதில்தான் வாதாடியது. அளவுக்கு மேல் செலவழிப்பது வேறு, பொய்க் கணக்கு எழுதுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கதைத்தால் பிறகு எந்த வாதமும் நேராகப் போகாது.

கூட்டாளி அதற்கும் மடக்கினான். "2019இலிருந்து 2021 வரைக்கும் மூன்று கணக்கையும் கூட்டினால் உங்கட நட்டம் 370 மில்லியனுக்கு மேல. பிறகு எப்படி 124?" நல்ல கேள்விதான். ஆனால் கழகம் வெளியிடும் ஆண்டுக் கணக்கிலுள்ள நட்டம் வேறு, விதிக்குப் பார்க்கும் நட்டம் வேறு. இளையோர் பயிற்சி, பெண்கள் அணி, சமூக வேலை, மைதானம் போன்ற கட்டுமானச் செலவுகளைக் கழித்துவிட்டுத்தான் விதிக்கான கணக்கைப் பார்ப்பார்கள். அப்புறம் கொரோனாக் காலத்து இரண்டு பருவங்களையும் கூட்டி இரண்டால் பிரித்து ஒரு வருடமாக எடுத்தார்கள். 'மூன்று வருடம்' என்று சொன்னாலும் எவர்ட்டன் வழக்கில் பார்த்தது நான்கு வருடக் கணக்கு. பத்திரிகைத் தலைப்பில் உள்ள நட்டத்தை 105ஓடு ஒப்பிடுவது, கடை முழுவதற்கும் வந்த மின்சாரப் பட்டியலை ஒரு பல்புக்குரியது என்று நினைப்பதுபோல.

அடுத்தது எல்லோரும் விடும் பிழை. "நூறு மில்லியனுக்கு ஒருவனை வாங்கியிருக்கிறாங்கள், அவங்களுக்கு ஏன் வெட்டேல்லை?" இதை ஒரு நாள் முழுக்க விளங்கப்படுத்தியும் கூட்டாளிக்கு ஏறவில்லை. கடைசியில் திருக்கடலூரில் போட் வைத்திருக்கும் அண்ணா ஒருவர்தான் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். எஞ்சின் ஒன்றை 5 லட்சத்துக்கு வாங்கி ஐந்து வருடம் ஓடும் என்று வைத்தால், அவர் மனக்கணக்கில் வருடத்துக்கு 1 லட்சம்தான் செலவு. வாங்கிய அன்றே 5 லட்சமும் கடலோடு போய்விட்டது என்று அவர் எழுதமாட்டார். வீரரை வாங்கும் காசையும் இப்படித்தான் ஒப்பந்தக் காலத்துக்குப் பிரித்து எழுதுவார்கள். 50 மில்லியனுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால் கணக்கில் வருடத்துக்கு 10. இரண்டு வருடம் கழித்துப் புத்தகத்தில் மிச்சம் 30. அப்போது அவரை 40க்கு விற்றால், ரசிகன் 10 மில்லியன் நட்டம் என்று கத்துவான், கணக்காளர் 10 மில்லியன் லாபம் என்று எழுதுவார்.

இதில்தான் செல்சி விளையாடியது. 2023 ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸைக் கிட்டத்தட்ட 107 மில்லியனுக்கு வாங்கி எட்டரை வருட ஒப்பந்தம் போட்டார்கள். வருடத்துக்கு எழுதும் பங்கு சிறிதாகிவிட்டது. அந்த வருட டிசம்பரில் கழகங்கள் வாக்குப் போட்டு, எத்தனை வருட ஒப்பந்தமானாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று மூடின. செல்சி செய்தது தந்திரம்தான், ஆனால் செய்த நேரத்தில் விதிக்குள் இருந்தது. எனக்கும் பிடிக்கவில்லை, அது வேறு கதை.

இன்னொன்று. சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பையனுக்குப் புத்தகத்தில் விலை பூச்சியம். அவனை விற்றால் வரும் காசு முழுவதும் லாபம். அதனால்தான் கணக்கு மூடும் 2024 ஜூன் 30க்கு முந்திய கடைசி நாட்களில், சின்ன வயதிலிருந்தே நியூகாசிலில் வளர்ந்த எலியட் ஆண்டர்சன் நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்டுக்குப் போனான். 'கழகத்துக்குப் பாசமே இல்லை' என்று ரசிகர்கள் திட்டினார்கள். பாசம் இல்லாமல் விற்கவில்லை. விதி அப்படியான பிள்ளையைத்தான் முதலில் விற்கச் சொல்கிறது. இந்த விதியில் எனக்கு உண்மையான கோபம் இருந்தால் அது இந்த இடத்தில்தான்.

ஜூன் 30 என்ற திகதியைச் சாதாரணமாக நினைப்பதும் பிழை. நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்டைக் கேளுங்கள். பிரெனன் ஜோன்சனுக்கு முதலில் வந்த குறைந்த விலைகளை மறுத்து, 2023 செப்டம்பர் 1இல் டொட்டன்ஹாமுக்கு 47.5 மில்லியனுக்கு விற்றார்கள். வியாபாரமாகப் பார்த்தால் நல்ல புத்தி. ஆனால் கணக்கு ஜூன் 30ஓடு மூடியாகிவிட்டது. "கொஞ்சம் பொறுத்தோம், கூடக் காசு எடுத்தோம்" என்ற வாதம் எடுபடவில்லை. 2024 மார்ச்சில் 4 புள்ளி போனது. அவர்களுக்கு எல்லை 105 இல்லை, 61தான். மூன்று வருடத்தில் இரண்டு வருடம் இரண்டாம் நிலை லீக்கில் இருந்ததால் அந்த வருடங்களுக்குத் தலா 13, பிரிமியர் லீக் வருடத்துக்கு 35. புதிதாக ஏறி வந்த கழகத்துக்கும் பழைய கழகத்துக்கும் ஒரே கோடு என்று நினைத்து வாதாடினால் முதல் வசனத்திலேயே தோற்றுவிடுவீர்கள்.

இப்போது நான் விட்ட பிழை. அந்த 115.

சிற்றிக்கு 2023 பெப்ரவரியில் குற்றச்சாட்டு வந்தது உண்மை. ஆனால் 115 என்பது 115 தனித்தனித் திருட்டு இல்லை. ஒரே வகை விடயம் பல பருவங்களில் வரும்போது ஒவ்வொன்றையும் வேறாக எண்ணுகிறார்கள். குற்றச்சாட்டின் தன்மையும் வேறு. கொடுத்த நிதித் தகவல் உண்மையானதா, விசாரணைக்கு ஒத்துழைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சிற்றி எல்லாவற்றையும் மறுத்தது. எல்லையைத் தாண்டியதை ஒப்புக்கொண்ட கழகத்தின் வழக்கு மாதங்களில் முடியும், ஒன்பது பத்து வருடத்து விடயங்களை ஒவ்வொன்றாக மறுக்கும் கழகத்தின் வழக்கு இழுபடும். அதன் விசாரணை தொடங்கியதே 2024 செப்டம்பரில்தான். இழுபடுவது நிரபராதி என்பதற்கும் சாட்சி இல்லை, குற்றவாளி என்பதற்கும் சாட்சி இல்லை. பலர் இதோடு 2020ஐயும் சேர்த்துக் குழப்புவார்கள். ஐரோப்பியச் சம்மேளனம் சிற்றிக்குப் போட்ட இரண்டு வருடத் தடையை விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நீக்கியது அப்போதுதான். அது வேறு அமைப்பு, வேறு விதிப்புத்தகம்.

"லீக்குக்கு எங்களைக் கண்ணில் காட்டக் கூடாது" என்பது அடுத்த பழைய பாட்டு. எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டி ஒன்றில், பதிவில் இல்லாத பையனை இன்னொருவன் பெயரில் இறக்கி எங்கள் அணி ஒருமுறை புள்ளி இழந்தது. ஏற்பாட்டுக் குழுவோடு இரவு பத்து மணி வரை சண்டை. கடைசியில் ஒரு பெரியவர் விதித்தாளை எடுத்துக் காட்டினார். கீழே எங்கள் செயலாளரின் கையெழுத்து. பிரிமியர் லீக்கும் அப்படித்தான். 20 கழகங்களும் அதன் பங்குதாரர்கள், 14 வாக்கு இருந்தால் விதி மாறும். புள்ளி வெட்டுவது லீக் அலுவலகம் இல்லை, அதற்கென நியமிக்கும் மூன்று பேர் கொண்ட சுயாதீன ஆணைக்குழு. மேன்முறையீட்டுக்கு வேறு ஆட்கள்.

இதற்காக ரசிகர்கள் சொல்வதெல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள். 2023 நவம்பர் 26, நம் நேரம் இரவு பத்து மணிக்கு எவர்ட்டன்–யுனைடெட் ஆட்டம். எவர்ட்டனின் அப்போதைய மைதானமான குடிசன் பார்க் முழுக்க ரசிகர்கள் 'ஊழல்' என்று அச்சடித்த இளஞ்சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். மூன்றாம் நிமிடத்தில் கார்னாச்சோ தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோல் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கியது. கூட்டாளி எங்கள் வீட்டுக் கதிரையில் ஏறி நின்று ஆடினான். ஊழல் என்ற சொல்லுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது? எவ்வளவு தாண்டினால் எத்தனை புள்ளி என்று அப்போதைய விதிப்புத்தகத்தில் அட்டவணை இருக்கவில்லை. 2010இல் கடனில் மூழ்கி நிர்வாகிகள் கைக்குப் போன போர்ட்ஸ்மவுத்துக்கே 9 புள்ளிதான் வெட்டினார்கள். வங்குரோத்துக்கு 9, கூடச் செலவழித்ததற்கு 10 என்றால் எங்கோ இடிக்கிறது. 2024 பெப்ரவரி 26இல் மேன்முறையீட்டுச் சபை அதை 6 ஆக்கியது. எவர்ட்டன் வைத்த ஒன்பது காரணங்களில் ஏற்கப்பட்டது இரண்டு, இரண்டும் தண்டனையின் அளவு பற்றியவை. உக்ரைன் போரால் போன காசு, புது மைதானக் கடன் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தியவை எடுபடவில்லை.

'ஒரே பிழைக்கு இரண்டு தண்டனை' என்பது பாதி சரி. ஏப்ரலில் இன்னும் 2 புள்ளி போனது அடுத்த கணக்குக் காலத்துக்காக. ஆணைக்குழு 5 புள்ளியில் தொடங்கி 2 ஆகக் குறைத்ததற்கு முக்கியமான ஒரு காரணம், வருடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததுதான். கடைசியில் மைதானத்தில் எடுத்த 48 அட்டவணையில் 40 ஆகி 15ஆம் இடம். வெட்டாவிட்டால் பிரைட்டன், போர்ண்மவுத் பக்கம் நின்றிருப்போம். ஆனாலும் கீழ் லீக்குக்கு இறங்கவில்லை. ஃபொரெஸ்டும் இறங்கவில்லை.

2024இல் இதே மாதிரி வழக்கில் லெஸ்டர் கழகம் தப்பியதை 'பணக்காரன் தப்பினான்' என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் 2023இல் லீக்கிலிருந்து இறங்கிப் பங்கைக் கையளித்தது ஜூன் நடுப்பகுதியில், கணக்கு மூடியது ஜூன் 30இல். அதனால் அந்த வழக்கில் பிரிமியர் லீக்குக்கு அதிகாரம் இல்லை என்றது மேன்முறையீட்டுச் சபை. விதியை எழுதியவர் விட்ட ஓட்டை அது.

இனி விடக்கூடிய பிழையையும் சொல்லிவிடுகிறேன். 2026-27 பருவத்தில் 105ஐத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். 2025 நவம்பரில் 14க்கு 6 என்ற வாக்கில் விதியை மாற்றிவிட்டார்கள். வீரர், தலைமைப் பயிற்றுநர் சம்பளம், முகவர் கட்டணம், பிரித்து எழுதும் வாங்கும் விலை எல்லாம் சேர்த்து வருமானத்தின் 85 வீதத்துக்குள் நிற்க வேண்டும். ஐரோப்பியப் போட்டி ஆடினால் அங்கே 70. எஞ்சின் கணக்கு மட்டும் மாறவில்லை. போன கிழமை கூட்டாளி மெல்லக் கேட்டான், "மச்சான், அந்த அஞ்சு வருசக் கதையைத் திரும்ப ஒருக்காச் சொல்லு." சொன்னேன். தேத்தண்ணிக் காசு அவன் கொடுத்தான்.