பழைய கஸ்டம் கிட்டாரில் ஹம்: எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது

பெங்களூரு கம்மனஹள்ளியில் ஒருவர் வீட்டில் இந்தப் பழைய கிட்டாரை வாசித்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), பக்கத்தில் டிவி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அல்சூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து வால்யூமைத் திறந்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல், இதைத்தான் ஹம் என்பார்கள். யாரோ கையால் செய்த கிட்டார், தலையில் பெயர் கிடையாது. கம்பெனி கிட்டார் என்றால் மாடலைப் போட்டுத் தேடினால் ஒயரிங் படம் கிடைத்துவிடும், இதில் செய்தவர் மனதில் என்ன இருந்ததோ அதுதான் ஒயரிங். உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் சால்டரிங் அயர்னை இப்போதே எடுக்காதீர்கள். இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் ஈயம் வைத்தால், நன்றாக இருந்த இணைப்பும் சேர்ந்து கெடும்.

முதலில் கிட்டாரையும் கேபிளையும் கழற்றிவிட்டு ஆம்பை மட்டும் ஓடவிடுங்கள். அப்போதும் ஹம் இருந்தால் கிட்டார் மேல் தப்பில்லை, ஆம்பிலோ சுவரிலோ இருக்கிறது. ஆம்பைத் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி எறியும். சுவரைப் பார்க்கலாம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 230 பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்க வேண்டும். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். என் அறையில் ஃபேஸ்-எர்த் அளவு நூறுக்குக் கீழே நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. வந்தவர் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “எர்த்துக்கு ஓட்டை மட்டும்தான் இருக்கு சார், பின்னாடி ஒயரே வரல” என்றார். பழைய வாடகை வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஹம் போகிறதே என்று எர்த் பின்னை ஒடிக்கிற வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், கிட்டார் கம்பி கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடுதான் சேர்ந்திருக்கிறது, அதன் மேல்தான் உங்கள் விரல் இருக்கிறது.

சரி, ஆம்ப் அமைதியாக இருந்து, கேபிளை மாற்றியும் கிட்டாரைச் செருகினால்தான் சத்தம் வருகிறது என்றால், காதைத் தீட்டிக் கேளுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸ், ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதனால் கரண்டிலிருந்து வரும் ஹம் கிட்டத்தட்ட ஜி போலவே கேட்கும். மழமழவென்று அப்படிக் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர் மாதிரி எதன் காந்தப்புலமோ பிக்அப்பில் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) விழுகிறது. ‘ஸ்ஸ்ர்ர்’ என்று கரகரப்பாக இருந்தால் எல்இடி டிம்மர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், லேப்டாப் சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது இரைச்சலே வேறு குரலில் வருவதையும் கவனிக்கலாம். அப்புறம் நாற்காலியோடு மெதுவாகச் சுற்றுங்கள், திசைக்குத் திசை சத்தம் ஏறி இறங்கினால் பிக்அப் காற்றிலிருந்து பிடிக்கிறது என்று பொருள்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. கம்பியைத் தொடுங்கள். தொட்டதும் சத்தம் குறைந்தால் கிரவுண்ட் (ஆம்பின் எர்த்தோடு சேரும் இணைப்பு) சரி, கிட்டாரின் உள்ளே ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை. ஒரு மாற்றமும் இல்லை என்றால் பிரிட்ஜுக்கு (கிட்டாரின் உடம்பில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம்) போகும் கிரவுண்ட் ஒயர் விட்டுப்போயிருக்கலாம். தொட்டதும் சத்தம் அதிகமானால் கேபிள் செருகும் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

இனி பின்மூடியைத் திறக்கலாம், திறந்ததும் முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து ஒரு முனையை ஜாக்கின் வெளித்தகட்டில் வைத்து, இன்னொரு முனையால் பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) முதுகு, ஸ்விட்ச் உடம்பு, பிரிட்ஜ், கம்பி என எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். எல்லாம் பீப் அடிக்க வேண்டும். எனக்கு பிரிட்ஜ் அடிக்கவில்லை. கழற்றினால், ஒயர் முனை வார்னிஷ் மேல் படுத்திருந்தது, உலோகத்தைத் தொடவே இல்லை. வார்னிஷைச் சுரண்டி, முனையைப் பிரித்துப் பரப்பி, மேலே பிரிட்ஜை இறுக்கியதும் பாதி இரைச்சல் போய்விட்டது.

மீதிப் பாதிதான் இரண்டு நாள் எடுத்தது. ஹம்பக்கர் என்ற பிக்அப் ஹம்மைக் கொல்லவே பிறந்தது, கிப்சனில் இருந்த செத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம். எதிரெதிராக இரண்டு காயில் (கம்பிச் சுருள்), எதிரெதிர் காந்தம். கம்பியின் சத்தம் கூடும், ஹம் ஒன்றையொன்று தின்றுவிடும். என் கிட்டாரில் ஹம்பக்கர்தான், ஆனாலும் ஹம், அதோடு சத்தம் தகர டப்பா மாதிரி ஒல்லி. மீட்டரில் 8 கிலோ ஓம், குறையே இல்லாத அளவு. காரணம் ஒயரின் நிறம். சீமோர் டங்கன், டிமார்ஜியோ இரண்டும் பிக்அப் கம்பெனிகள். சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் போகும் ஒயர்), சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேர வேண்டும். டிமார்ஜியோவில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும். இரண்டிலும் பச்சையும் உறையில்லா ஒயரும் கிரவுண்ட். டங்கன் படத்தை வைத்து டிமார்ஜியோவை ஒயர் செய்தால் ஒரு காயில் தலைகீழாகி, ஹம் கூடும், இசை கழியும். ஓம் அளவு மட்டும் மாறாது, அதனால்தான் மீட்டரை நம்பி ஏமாந்தேன்.

என்ன பிராண்ட் என்று தெரியாவிட்டால் நான்கு ஒயரையும் பிரித்து, ஓம் காட்டும் ஜோடிகளைக் கண்டுபிடியுங்கள். ஒரு ஜோடியில் மீட்டரை வைத்து, அந்தக் காயிலின் துருவங்கள் மேல் ஸ்க்ரூடிரைவரை ஒட்டவைத்துச் சட்டென்று இழுங்கள். அளவு ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். ஏறும்படி மீட்டரை மாற்றி மாற்றி வைத்து, சிவப்பு முனை தொட்ட ஒயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காயிலுக்கும் இப்படிச் செய்து, முதலாவதின் குறித்த ஒயர் ஹாட்டுக்கு, அதன் மறுமுனை இரண்டாவதின் குறித்த ஒயரோடு, மிச்சம் கிரவுண்டுக்கு.

ஈயம் வைக்க ரோசின் உள்ள 60/40 போதும். பாட் முதுகு சூட்டை உறிஞ்சும், 25 வாட் அயர்ன் திணறும், 40-லிருந்து 60 வரை வைத்துக்கொள்ளுங்கள். முதுகை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அங்கே முதலில் கொஞ்சம் ஈயம் உருக்கிவிட்டு, பிறகு ஒயரை வையுங்கள். ஈயம் பரவி மின்ன வேண்டும். உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை.

கடைசியாக ஷீல்டிங். எஸ்.பி. ரோட்டில் காப்பர் டேப் கேட்டு வாங்கும்போது பசையும் மின்சாரம் கடத்தும் ரகமா என்று பாருங்கள். உள்குழி முழுவதும், மூடியின் உட்புறமும் ஒட்டி, ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வைத்து, எல்லாத் துண்டும் பீப் அடிக்கிறதா என்று பார்த்து, ஒரு ஒயரால் கிரவுண்டோடு சேருங்கள். ஜாக்கின் ஹாட் நாக்கு டேப்பில் படவே கூடாது, பட்டால் சத்தமே வராது, அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் போடுங்கள். டேப் கரகரப்பைத்தான் தடுக்கும், காந்தப்புலத்தை அல்ல. ஒற்றைக் காயில் பிக்அப் என்றால் கொஞ்சம் ஜி மிச்சம் இருக்கும், ஆம்பிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்து, சத்தம் குறையும் பக்கமாகத் திரும்பி வாசியுங்கள்.