சுட்ட தோட்டா உறையை மறுபடி நிரப்புமுன்

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பலர், சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை வீசுவதில்லை. பிரைமர் (அடியில் பதிந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு மூன்றும் ஒருமுறையோடு சரி. உறை மட்டும் மறுபடி உதவும். சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள அங்கே கூட்டாட்சி அரசின் உரிமம் தேவையில்லை, தொழிலாகச் செய்து விற்கத் தேவை. இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே சொல்லப்போவது உறையைப் பிரிப்பது, கழுவுவது, சோதிப்பது மட்டும்தான். மருந்து நிரப்பும் வேலை இதில் இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் பளபளப்புக்குத்தான் மெனக்கெடுவார்கள். மினுக்கம் தோட்டாவுக்கு எந்த நன்மையும் செய்யாது. கரியும் மண்ணும் போனால் விரிசல் கண்ணுக்குத் தெரியும், உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில் கீறல் விழாது. கழுவுவது இந்த இரண்டுக்காகத்தான்.

பிரிப்பது

கழுவுவதற்கு முன்பே பிரித்துவிடவும். சுடுகளத்தில் பொறுக்கிய குவியலில் சுடாத முழுத் தோட்டா ஒன்றிரண்டு கிடக்கும். முதலில் அவற்றை எடுத்துவிடவும். அடுத்து ஒரு காந்தம். பித்தளை முலாம் பூசிய இரும்பு உறைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் ஒட்டாது, மங்கிய சாம்பல் நிறத்தையும் எடையையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளி போல மின்னுவது நிக்கல் முலாம் பூசிய பித்தளையாக இருக்கலாம். அதைப் பயன்படுத்தலாம், ஆனால் வாயில் சீக்கிரம் விரிசல் விழும்.

பிறகு அளவு, அதாவது தோட்டாவின் விட்டத்தை வைத்து வந்த பெயர்; புள்ளியில் தொடங்குபவை அங்குலக் கணக்கு. 9 மி.மீ. உறை .40க்குள் போகும், .40 உறை .45க்குள் போகும். அப்படியே கழுவும் எந்திரத்தில் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று இறுகிவிடும், உள்ளே இருப்பது அழுக்காகவே வெளிவரும். அதைவிடத் தொல்லை, 9 மி.மீ. குவியலில் ஒளிந்திருக்கும் .380 உறை. நீளம் 17 மி.மீ.தான், மற்றது 19 மி.மீ. பார்வைக்கு நம்பாமல் அடியில் பொறித்த எழுத்தைப் படிக்கவும். .45 உறைகளில் பெரிய பிரைமர், சிறிய பிரைமர் என்று இரு வகை உண்டு. சிறிய குழிக்குள் பெரிய பிரைமரை அழுத்தினால் அது நசுங்கும், வெடிக்கவும் கூடும்.

உறையின் வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்க்கவும். நடுவே ஒரே துளை என்றால் பாக்ஸர் வகை, வேலைக்கு ஆகும். இரண்டு சிறு துளைகள் என்றால் பெர்டான் வகை. பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி அதில் உடையும். ஒதுக்கிவிடவும். வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருந்தால் நேட்டோ ராணுவத் தோட்டா. அதன் பிரைமரைச் சுற்றி உலோகத்தை நெருக்கி அழுத்தியிருப்பார்கள். அந்த விளிம்பைச் சீவியோ அமுக்கி விரித்தோ எடுக்காவிட்டால் புதுப் பிரைமர் நேராக இறங்காது.

கழுவுவது

உலர்முறையில் அதிர்வு எந்திரத்துக்குள் மக்காச்சோளக் கதிர்த்தண்டுத் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு 2 முதல் 4 மணி நேரம் ஓட்டுவார்கள். சுலபம்தான். ஆனால் பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது, அது தூசியாகப் பறக்கும். மூடியைத் திறப்பதும் சலிப்பதும் வெளியில், முகக்கவசத்தோடு செய்யவும்.

ஈரமுறையில் தூசி இல்லை, உட்புறமும் பிரைமர் குழியும் சுத்தமாகும். முதலில் பழைய பிரைமரைத் தள்ளிவிடவும். 15 பவுண்டு கொள்ளும் சுழல் உருளைக்கு 5 பவுண்டு துருப்பிடிக்காத எஃகு ஊசிகள், 2 பவுண்டு உறைகள், 1 கேலன் தண்ணீர். அதாவது சுமார் 2.3 கிலோ, 0.9 கிலோ, 3.8 லிட்டர். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மேசைக்கரண்டி, சிட்ரிக் அமிலத் தூள் கால் தேக்கரண்டி போதும். அமிலம் கூடினால் பித்தளை இளஞ்சிவப்பாக மாறும்: மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு தெரிகிறது என்று பொருள். 1 முதல் 2 மணி நேரத்தில் வேலை முடியும். அதற்கு மேல் ஓடினால் உறைகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு மழுங்கும்.

அலசி, ஊசி எதுவும் உள்ளே சிக்கவில்லை என்று பார்த்து, துணியில் பரப்பிக் காயவிடவும். அவசரமென்றால் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டாத சூடு, அதுவும் சமையல் அடுப்பில் அல்ல. அழுக்குத் தண்ணீரிலும் ஈயம் உண்டு. சமையலறைத் தொட்டி வேண்டாம், தோட்டம் வேண்டாம். கையுறை போடவும், முடித்ததும் சோப்பால் கை கழுவவும், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

அமோனியா கலந்த பாலிஷ் எதையும் தொடாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா, ஏற்கெனவே உள்ளிறுக்கம் இருந்த பித்தளையைப் பிளந்தது என்று 1921இல்தான் விளக்கம் வந்தது.

சோதிப்பது

நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்கவும். கழுத்திலோ வாயிலோ நீளவாக்கில் விரிசல் இருந்தால் கழிவு. நாலைந்து உறைகளைக் கையில் அள்ளிக் குலுக்கினால், விரிசல் விட்டதன் ஓசை மற்றவற்றோடு சேராமல் தனித்துக் கேட்கும். வாயில் லேசான நெளிவு அச்சில் நிமிர்ந்துவிடும். கூரான மடிப்பு நிமிராது.

ரைஃபிள் உறையில் பயப்பட வேண்டியது அடிப்பகுதிப் பிளவு. அடியின் தடித்த பகுதி முடிந்து சுவர் மெலியும் இடத்தில் சுற்றிலும் ஒரு வெளிறிய வளையம் தெரியும். சுட்டதில் விரிந்த உறையை அச்சில் அளவு திருத்தும்போது, அதன் தோள்பட்டையை (கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் பகுதியை) தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை அந்த இடத்தில் இழுபட்டு மெலிகிறது. வளையம் வெறும் அச்சுத் தடமாகவும் இருக்கலாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல வளைத்து, உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுக்கவும். பள்ளத்தில் கொக்கி தட்டினால் அது கழிவு. அதனோடு அத்தனை தடவையே சுடப்பட்ட அந்தத் தொகுதி முழுவதையும் இதே கொக்கியால் சோதிக்கவும்.

சில 9 மி.மீ. உறைகளின் உள்ளே படி போன்ற விளிம்பு இருக்கும். கொள்ளளவு குறைவு, அந்தப் படியில் உறை உடைவதும் உண்டு. டார்ச் அடித்தால் தெரியும், தள்ளிவிடவும். புதுப் பிரைமர் வழக்கமான இறுக்கமின்றி விரல் அழுத்தத்திலேயே குழிக்குள் இறங்கினால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது.

நீளத்தை அளவு திருத்திய பிறகே காலிப்பரில் பார்க்கவும், ஏனெனில் திருத்தும்போதுதான் உறை நீளும். .223க்கு உச்சம் 1.760 அங்குலம், வெட்டவேண்டிய அளவு 1.750. .308க்கு 2.015, 2.005. நீளம் கூடினால் உறையின் வாய், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். 9 மி.மீ. உறைக்குப் பொதுவாக இந்த வேலை இல்லை.

தேறியவற்றை அளவு, எத்தனை முறை சுடப்பட்டது என்ற சீட்டோடு பெட்டியில் போடவும். கழித்தவற்றின் வாயைக் குறடால் நசுக்கிவிட்டுப் பழைய உலோகக்காரருக்கான வாளியில் போடவும். நசுக்காமல் விட்டால் எப்படியாவது நல்ல பெட்டிக்குள் திரும்பிவிடும்.