பிளைத்பரோ ஆலயத்தைப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், பிளைத் ஆற்றின் கழிமுகச் சதுப்பு நிலத்துக்கு மேலே எழுந்து நிற்கும் பிளைத்பரோ ஹோலி டிரினிட்டி ஆலயத்தை ஒரே காலத்தில் எழுந்த கட்டடம் என எண்ணிவிடுவதே முதல் தவறு. மேற்குப் பக்கத்து மணிக்கோபுரம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை அடுத்துள்ள நடுக்கூடமும் பக்கச் சிறகுகளும் 15ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டப்பட்டவை. ஊர்மக்கள் வழிபடும் பங்கு ஆலயங்கள் பெரும்பாலும் பணம் கிடைத்தபோதெல்லாம் பகுதி பகுதியாக மாற்றப்பட்டவை என்பதால், ஒரு சாளரத்தை மட்டும் பார்த்து முழுக் கட்டடத்துக்கும் காலம் குறிக்கக் கூடாது. 'பெர்பென்டிகுலர்' (நெட்டுக்கோடுகள் மேலோங்கிய பிற்கால ஆங்கிலக் கோதிக்) முதலிய கட்டடப் பாணிப் பெயர்களும் கட்டடக்கலைஞர் தாமஸ் ரிக்மன் 1817இல் வெளியிட்ட நூலின் வழியே பரவியவை. அவற்றை இடைக்காலக் கொத்தர்கள் அறிந்திருக்கவில்லை.

இந்த ஆலயத்தின் பெருஞ்செல்வம் கூரையில் சிறகு விரித்திருக்கும் மர வானதூதர்கள். அவர்கள் உடலில் உள்ள துளைகளைக் காட்டி, 'இவை 1644இல் வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் சுட்ட குண்டுகளின் தடங்கள்' என்று சொல்லும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நாடாளுமன்ற ஆணைப்படி ஆலயங்களின் உருவங்களை அகற்றிவந்த டௌசிங் அவ்வாண்டு ஏப்ரலில் இங்கு வந்தது உண்மை. 20 வானதூதர்களை இறக்கக் கட்டளையிட்டதையும் அவரே தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் அதில் துப்பாக்கிச்சூடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. மரத்திலிருந்து எடுக்கப்பட்ட ஈயக் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. கூரையில் அடைந்த ஜாக்டா காகங்களைச் சுட்டதற்குக் கூலி கொடுத்த செய்தி அக்கால ஆலயக் கணக்கில் இருக்கிறது. உள்ளத்தை உலுக்கும் கதையை உதறுவது எளிதன்று என்றாலும், நாட்குறிப்பு, குண்டு, கணக்கு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் ஒருவர்மீது பழி சுமத்துவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வடக்குக் கதவில் உள்ள கருகிய தடங்களைப் பேய்நாயின் நகக்கீறல் என்று நம்பிவிடுவதும் இவ்வகைப் பிழைதான். 1577 ஆகஸ்ட் 4ஆம் நாள் வழிபாட்டின்போது பெரும்புயல் தாக்கியது வரலாறு. அப்போது கரிய பேய்நாய் ஒன்று உள்ளே புகுந்தது என்பது அந்தக் காலத்துத் துண்டுப்பிரசுரம் வளர்த்த கதை. மெழுகுதிரிச் சுடரால் வேண்டுமென்றே சுட்டுவைத்த இத்தகைய தடங்கள் பல பழைய ஆங்கிலக் கட்டடங்களில் காணப்படுகின்றன.

இவை எல்லாவற்றையும்விட எளிதில் நேரும் தவறு, வெளிறிய சுவர்களையும் நிறமற்ற கண்ணாடியையும் கண்டு, இடைக்கால மக்கள் இந்த அடக்கமான அழகையே விரும்பினார்கள் என்று முடிவுகட்டுவது. அவர்களுடைய ஆலயங்களின் சுவர்களில் ஓவியங்களும் சாளரங்களில் வண்ணக் கண்ணாடியும் நிறைந்திருந்தன. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் சமய மாற்றங்களில்தான் அவற்றுள் பெரும்பகுதி சுண்ணாம்புக்கு அடியில் மறைந்தது, அல்லது உடைக்கப்பட்டது. ஆகவே நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, கூரை மரங்களில் மங்கி நிற்கும் பழைய வண்ணப் பூச்சைக் கண் பழகும்வரை பொறுத்துத் தேடுங்கள். மறு வண்ணம் பூசப்படாமல் எஞ்சியிருக்கும் அந்தப் பூச்சு அன்றைய ஆலயத்தின் நிறத்தைச் சிறிதளவேனும் காட்டும்.